இடது பக்கத்துக் கிடார்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் பஸ் நிலையத்தில் உன்னைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்த நேரத்தில் விடுதியிலிருந்து உனக்கு போன் வந்தது. இடது காதில் வைத்து ஹலோ என்றாய். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் ஹலோ என்றாய். பிறகு, நீயே அறியாமல், போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு பேச ஆரம்பித்தாய். அவ்வளவுதான் நடந்தது. அந்த பஸ் நிலையத்தில் வேறு யார் பார்த்திருந்தாலும் அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. நான் பார்த்தேன். பஸ் கிளம்பியபோது சிரித்துக்கொண்டுதான் கையசைத்தேன். வீட்டுக்கு வந்து, சாவியைப் பூட்டில் நுழைக்க முடியாமல் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று தொடங்கிய பயம் இன்னும் போகவில்லை. கவலை என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் இது கவலை இல்லை. கவலைப்படுகிறவளுக்கு அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் இருக்கும். எனக்கு இந்த வாரம் ஒரு நாளும் இருக்கவில்லை.

போனில் பேச்செடுத்துப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, கிளாஸுக்கு நேரமாச்சு, வச்சிடறேன்" என்றாய். மறுபடி எடுத்தபோது சிக்னல் இல்லை என்றாய். அதனால்தான் இதை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். இந்தச் சின்னப் பத்திரிகையில் மாதாமாதம் ஆங்கில ராக், பாப் ஆல்பங்களைப் பற்றி வேறொரு பெயரில் எழுதிவருகிறவள் நான்தான் என்பது நம் வீட்டையும் ஆசிரியரையும் தவிர என் சிநேகிதி ஜமீலாவுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டு விஷயத்தை நான் இதில் எழுதியதே இல்லை. ஆனால் நீ என் பேச்சைத் தட்டுவாயே தவிர, என் பக்கத்தைப் படிக்காமல் விட்டதில்லை. அச்சு மை வாசனை போவதற்குள் படித்துவிட்டு, "இந்தத் தடவ ஜாஸ்தியா புகழ்ந்துட்ட" என்று வந்து நிற்பாய். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் எழுதுகிறேன். உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. படிக்கிற மற்றவர்கள் மன்னிக்கட்டும். இந்த மாதம் அவர்களுக்கு விமர்சனம் கிடையாது.

நான் எழுத வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ நாலாவது, ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த சமயம். நான் சிதம்பரத்தில் கல்லூரி நூலகத்து வேலைக்குச் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த ஜமீலாவுக்குப் பரங்கிப்பேட்டை. அவள் தம்பி சிங்கப்பூரில் ஒரு பழைய பொருள் கடையில் இருந்தான். யாரோ கழித்துப் போட்ட சிடிக்களைப் பெட்டியில் அடைத்து ஊருக்கு வரும்போதெல்லாம் கொண்டுவருவான். "எங்க வூட்ல யாரும் இத கேக்க மாட்டாங்கக்கா, நீதான் புஸ்தகம் படிக்கிறவ, உனக்குப் புரியும்" என்று ஒருநாள் பை நிறையக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். எனக்கும் புரியவில்லை. புரியாததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நூலகத்துக்கு வந்துபோகும் ஒருவர் பத்திரிகை நடத்துகிறார் என்றும், அதில் பின்பக்கம் ஒன்று மாதாமாதம் காலியாகவே இருக்கிறது என்றும் தெரிந்தபோது, எழுதிக் கொடுக்கவா என்று நானாகவே கேட்டேன். வாழ்க்கையில் நானாகவே போய்க் கேட்டது அது ஒன்றுதான்.

கேட்பதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். முதல் தடவை சமைத்துக்கொண்டே சிடியும் போடுகிற நம் டேப் செட்டில் போட்டுக் கேட்பது. கவனிக்காமல் இருக்கும்போது எது வந்து நம் கையை நிறுத்துகிறது என்று தெரியவேண்டும். அடுத்தது வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஹெட்போனில் கேட்பது. கடைசியாக, எதையும் போடாமல், பஸ்ஸில் போகும்போது நினைவில் எது மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது. ஆலப்பாக்கம் தாண்டியும் மிச்சம் இருந்தால் நல்ல பாட்டு என்று கணக்கு. பெரிய ஆல்பம் என்று உலகமே சொல்கிறதே என்று பயந்து பாராட்டாதே, புதுப்பையன்கள்தானே என்று இளக்காரமாகவும் கேட்காதே என்று உனக்கு நான் சொல்லிக்கொடுத்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உண்மையில் அது நீ எனக்குச் சொன்னது. யாரோ நாலு பெண்கள் சேர்ந்து பாடிய ஒரு பாப் ஆல்பத்தை நான் கிண்டலடித்து எழுதியிருந்தேன். பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல், "இத நீ கேக்கவே இல்லம்மா, அட்டையப் பாத்துட்டு எழுதிட்ட" என்றாய். அடுத்த மாதம் திரும்பக் கேட்டுவிட்டு, மாற்றி எழுதினேன்.

அக்கம்பக்கத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அந்தம்மா வெள்ளைக்காரன் பாட்டு போட்டுவிட்டுக் குழம்பு வைக்கிறது என்ற அளவில்தான் பேச்சு. லால்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் 'மதிப்புக்குரிய ஐயா' என்று விடாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். "ஐயாவுக்கு காபி வேணுமா?" என்று அப்பா சமையலறை வாசலில் வந்து நின்று கேட்பார். நாம் மூன்று பேரும் எவ்வளவு சிரித்திருக்கிறோம்.

இப்போது அந்த ரயில் பெட்டி அட்டை ஆல்பத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். அதற்கு நான் செய்த அநியாயம் போதும். நான் பிறப்பதற்கு முன்னால் வந்த ரெக்கார்டு. அட்டையில் காலியான ஒரு ரயில் பெட்டி. நீ அப்போது பத்தாவது. அந்த மாதம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. டேப் செட்டில் போட்டுக் கேட்க வாய்க்கவே இல்லை. பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் நீதான் அதை எம்பி3 பிளேயரில் ஏற்றிக்கொடுத்தாய். ஹெட்போனில் மட்டும் கேட்டேன். பஸ்ஸில், நூலகத்தில், மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது. கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. பாடகனின் குரல் வலது ஓரத்தில் தனியாக நிற்கிறது. இடது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நான் இப்படி எழுதினேன்: "இடது பக்கத்தை முழுக்க மௌனத்துக்கே விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பாதி அறையை இருட்டாக வைத்துக்கொண்டு பாடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்." ஆசிரியர் அந்த வரிகளைக் கட்டம் கட்டிப் போட்டார். அதுவரை நான் எழுதியதில் எல்லோருக்கும் பிடித்தது அதுதான். லால்பேட்டைக்காரர், அதைப் படித்துவிட்டுத் தன் இறந்துபோன நண்பரை நினைத்து அழுததாக எழுதியிருந்தார்.

இதழ் வந்த அன்று சாயங்காலம் நீ தரையில் உட்கார்ந்து படித்தாய். பிளேயரை எடுத்து மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாய். நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். என் வலது பக்கமாகச் சுற்றிவந்து நின்றாய். அப்படிச் சுற்றி வந்தாய் என்பது பிற்பாடு யோசித்தபோதுதான் தெரிந்தது.

"ம்மா, லெஃப்ட்ல கிடார் இருக்குதே."

இல்லை என்றேன். இருக்கிறது, பாட்டு முழுக்க இருக்கிறது என்றாய். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஹெட்போனை வாங்கி மாட்டினேன். வலது பக்கம் குரல். இடது பக்கம் ஒன்றும் இல்லை. ஹெட்போன் வயர் அறுந்திருக்கும் என்றேன். நீ அதை என் தலையிலிருந்து கழற்றி, பக்கம் மாற்றி, திருப்பி மாட்டிவிட்டாய்.

வலது பக்கத்தில் கிடார் வந்தது, தம்பி. அவ்வளவு அழகான கிடார். மேலே ஏறி ஏறித் திரும்பி வரும். அந்தப் பக்கம் அது வந்த நொடியில் பாடகன் காணாமல் போய்விட்டான். நான் மறுபடி மாற்றினேன். குரல் வந்தது, கிடார் போய்விட்டது. அந்தக் காலத்து ஸ்டீரியோ ரெக்கார்டுகள் சிலவற்றில் குரலை ஒரு பக்கமும் கருவியை மறுபக்கமும் அடியோடு பிரித்து வைத்திருப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டோம். இப்போது வருகிற ஆல்பங்களில் எல்லாம் இரண்டு பக்கமும் கலந்து வருவதால் அதுவரை எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. அந்த நேரத்தில் எதுவும் தெரியவில்லை. கேட்காமல் விட்டது எவ்வளவு என்று மனதுக்குள் கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். இத்தனை வருஷமும் நான் எழுதிய ஆல்பங்களில் எங்கெங்கே யார் யார் வாசித்துக்கொண்டிருந்தார்களோ.

உன்னை விளையாடப் போகச் சொல்லிவிட்டு, அப்பாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். மோட்டார் காயில் கட்டுகிறவருக்கு இது ஒரு வேலையா. பிரித்துப் பார்த்து மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "வயரு நல்லாதான் இருக்குது" என்றார். நான் அழ ஆரம்பித்ததும் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும் புள்ள" என்றார். "கல்யாணமான புதுசுலயே தெரியும். நீ சொல்லுவேன்னு பாத்தேன். உனக்கே தெரியாதுன்னு எனக்குத் தெரியல." தெருவில் நடக்கும்போது அவர் எப்போதும் என் வலது பக்கம்தான் நடப்பார். லாரி வரும் பக்கம் அவர் வருகிறார் என்று நான் நினைத்திருந்தேன். திரும்பி வரும்போதும் அவர் என் வலது பக்கம்தான் நடந்தார் என்பதை நான் யோசித்ததே இல்லை.

சிதம்பரத்தில் என் பிறந்த வீட்டில் சாப்பிடும்போது என் அப்பாவுக்கு வலது பக்கமாகவே எல்லோரும் வரிசையாக உட்காருவோம். இடது பக்கம் சுவர்கூட இல்லை, காலி இடம். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. குடும்பம் என்றால் அப்படித்தான் உட்காரும் என்று வளர்ந்தேன். தாலுகா ஆபீசில் அவருக்குத் தலைக்கனம் பிடித்தவர் என்று பெயர். கூப்பிட்டால் திரும்ப மாட்டார், வணக்கம் சொன்னால் பதில் சொல்ல மாட்டார். அவர் இறந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. நான்கூட அதைக் கொஞ்சம் நம்பினேன்.

அப்புறம் பாண்டிச்சேரிக்குப் போய்க் காட்டியபோது காது டாக்டர் என்ன செய்தார் என்பதை உன்னிடம் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. ஒரு இரும்பு இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். கேட்காத காதில்தான் அது கணீரென்று கேட்டது. நான் பொய் சொல்வதாக நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். நரம்பு நன்றாக இருக்கிறது, உள்ளே ஒரு சின்ன எலும்பு அசையாமல் இறுகிவிட்டது, சத்தம் உள்ளே போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்றார். பிறகு சத்தமான இடத்தில் எனக்கு நன்றாகக் கேட்குமா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில்தான் எனக்கு மற்றவர்கள் பேசுவது நன்றாகக் கேட்கும். இரைச்சலில் எல்லோரும் குரலை உயர்த்துவதால் இப்படிப்பட்டவர்களுக்கு அங்கே பேச்சு தெளிவாகக் கேட்குமாம். நான் மெதுவாகப் பேசுவதும் குணம் இல்லையாம். என் குரல் எனக்கு உள்ளுக்குள் பெரிதாகக் கேட்பதால் வெளியே குறைத்துக்கொள்கிறேனாம். அடக்கமான பெண் என்று பெயர் வாங்கிக் கல்யாணம் ஆனவள் நான்.

காதில் இரைச்சல் உண்டா என்றும் கேட்டார். கடல் சத்தம்தான் கேட்கும், கடலூரில் வீடு என்றேன். சொல்லும்போதே ஒன்று ஞாபகம் வந்தது. சுனாமி வந்த அந்த டிசம்பருக்குப் பிறகு நம் ஊரில் எல்லோரும் கடலைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த மாதங்களில், நூலகத்தில் ஒருநாள் ஜமீலாவிடம், கடல் இன்றைக்கு ஜாஸ்தியாக இரைகிறது இல்லையா என்று கேட்டேன். அவள் கையிலிருந்த புத்தகங்கள் கீழே விழுந்தன. "சிதம்பரத்துல ஏதுக்கா கடலு?" என்றாள். அவள் முகம் வெளுத்துப்போனதுதான் எனக்கு ஞாபகம் இருந்தது. அவள் கேட்ட கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

கிளம்பும்போதுதான் டாக்டர் அதைச் சொன்னார். இது குடும்பத்தில் இறங்கி வரக்கூடியது, எல்லோருக்கும் வரும் என்று இல்லை, ஆனால் பையனுக்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். பரீட்சை முடியட்டும் என்றாய். முடிந்தது. பிளஸ் டூ முடியட்டும் என்றாய். அதுவும் முடிந்தது. ஒலிப்பதிவுப் படிப்பில் இடம் கிடைத்த அன்று மறுபடி சொன்னேன். நீ சத்தம் போடவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாய்.

"பாத்துட்டு, இருக்குதுன்னு சொல்லிட்டா? அப்புறம் நான் இன்னா படிக்கிறது?"

உன்னை விட அதிகமாக நான்தான் அந்தப் பரிசோதனைக்குப் பயந்திருந்தேன். தள்ளிப்போட நீ சொன்ன காரணங்களை நானும் கையைப் பிடித்துக்கொள்வதுபோலப் பிடித்துக்கொண்டேன். கையெழுத்து, முன்கோபம், வெண்டைக்காய் பிடிக்காதது என்று என்னிடமிருந்து உனக்கு வந்ததையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்த வரிசையில் இதுவும் இருக்குமோ என்று திறந்து பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் இந்த ஒரு வருஷமாக உன் குரல் இறங்கிக்கொண்டே வருகிறது. உன் சிநேகிதர்கள் வாசலில் நின்று, சத்தமாகப் பேசுடா என்று உன்னைக் கிண்டல் செய்கிறார்கள். அப்பா அதைக் கேட்டுவிட்டு, அம்மா மாதிரி அடக்கம் என்று சிரித்தார். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நீ அதே படிப்பைப் படிப்பாய். உனக்குக் கேட்காத பக்கம் எது, எவ்வளவு என்று தெரிந்துகொண்டு படிப்பாய். எலும்பை மாற்றிச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஹெட்போனைத் திருப்பிப் போட்டுக் கேட்கிற வழியாவது இருக்கிறது. தெரியாமல் இருந்தால்தான் ஆபத்து. தெரியாதவள் என்ன செய்வாள் என்று உனக்குக் காட்டியிருக்கிறேன். கேட்காததை மௌனம் என்று நினைத்துக்கொண்டு, அதற்கு அழகான வாக்கியம் எழுதுவாள். அந்த வாக்கியத்துக்கு ஊரே தலையாட்டும். கிடார் வாசித்தவன் மட்டும் அங்கே இல்லாமல் போய்விடுவான். நாளைக்கு நீ ஒரு பாட்டைப் பதிவுசெய்து முடித்து அனுப்பும்போது உன் வேலையில் அப்படி ஒருவன் காணாமல் போகக்கூடாது.

எனக்கும் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டேன். அப்பாதான் கூட வருகிறார். பெரும்பாலும் நன்றாகிவிடும், மிகச் சிலருக்கு இருப்பதும் போய்விடலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அந்தச் சிலரை நினைத்துத்தான் இத்தனை நாள் போகாமல் இருந்தேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதே. நீ போனைக் காது மாற்றியதைப் பார்த்த பிறகு, நான் போகாமல் உன்னைப் போகச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

இந்த இதழோடு ஒரு சிடியும் உனக்கு வரும். ஜமீலாவின் தம்பி கொண்டுவந்த புது ஆல்பம், பெயர் தெரியாத பையன்கள். அதில் ஒரு பாட்டை மட்டும் பழைய ரெக்கார்டு மாதிரி இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். ஹெட்போனை இப்படியும் அப்படியும் மாட்டி நான் முழுக்கக் கேட்டுவிட்டேன். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ ஹெட்போனை நேராக மட்டும் மாட்டிக்கொண்டு கேள். கேட்டுவிட்டு, அடுத்த மாதம் என் பக்கத்துக்கு நீ விமர்சனம் எழுது. ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். நன்றாக எழுதவேண்டும் என்று இல்லை. எல்லாக் கருவியும் இருந்தால் போதும். நீ வாயாடியாக, அலங்காரம் இல்லாமல், இடது பக்கம் இன்னது வலது பக்கம் இன்னது என்று கணக்குப்பிள்ளை போல எழுதி அனுப்பினால் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுவேன்.

அதில் எங்காவது மௌனம் என்ற சொல் வந்தால், அடுத்த பஸ்ஸில் நான் வந்துவிடுவேன். விடுதி வாசலில் உன் வலது பக்கமாக வந்து நிற்பேன்.

உன் பதிலுக்குக் காதைத் திறந்து வைத்திருக்கும்,
அம்மா